விழி ஏற்பமைவு
பார்க்கும் பொருளின் தொலைவுக்கேற்பக் கண்வில்லை தன் குவியத்தை மாற்றிக்கொள்ளும் திறன். விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவிலில் நெசவாளர் அறுந்த இழையை முடிந்துவிட்டு நிமிர்ந்து சங்கரநாராயணர் கோயில் கோபுரத்தைப் பார்க்கையில், சிலியரித் தசை தளர்ந்து வில்லை தட்டையாகிறது. இழைக்குத் திரும்பினால் தசை சுருங்க, வில்லை தடிக்கிறது. கேமராவில் வில்லையின் வடிவம் மாறாது, இடம்தான் நகரும். 50 மி.மீ. குவியத்தூர வில்லை, மிகத் தொலைவுக்கான நிலையிலிருந்து 50 மீட்டரிலுள்ள கோபுரத்துக்கு 0.05 மி.மீ. நகர்ந்தால் போதும், அரை மீட்டரிலுள்ள இழைக்கோ 5.6 மி.மீ. நகர வேண்டும். இதே வேலையைக் கண் நொடிப்பொழுதில் முடிப்பது பெரும் வியப்பு. 40 வயதையொட்டி வில்லை இறுகி வெள்ளெழுத்து தொடங்குகிறது. இழை மங்கலாகத் தெரிந்தால் நெசவாளர்கள் தள்ளிப்போடாமல் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.