சர்ப்பகந்தி: ஒரு வேரின் வரலாறு

மூலிகையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எம்மவரிடையே இரு கட்சிகள் எழுவதுண்டு. "முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை" என்பர் ஒருசாரார். "அளந்து காட்டாத மருந்து மருந்தாகாது" என்பர் மறுசாரார். முன்னவர் பெரும்பாலும் பெரியோர். பின்னவர் எம் சங்கத்து வாலிபர். இவ்விரு கட்சியாரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வேரின் வரலாற்றை இம்மலரிலே கூற விழைகின்றோம்.

அவ்வேர் சர்ப்பகந்தி. தமிழ் வைத்தியர் இதனைச் சிவன் அமல்பொடி என்பர். சிங்கள வைத்தியர் ஏகவேரிய என்பர். பாரதத்திலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் சிறு செடி இது. பாம்புக் கடிக்கும், காய்ச்சலுக்கும், சித்தப் பிரமைக்கும் இதன் வேரை நெடுங்காலமாக வழங்கி வந்தனர். பீகாரிலே இதற்குப் 'பைத்திய மருந்து' என்றே பெயர். ஆயினும் அவ்வேரினுள் எப்பொருள், எவ்வளவு இருந்து வேலை செய்கின்றது என்பதை எவரும் அளந்து பார்த்ததில்லை.

டில்லியிலே யுனானி மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்று விளங்கிய ஹக்கீம் அஜ்மல்கான், ஆயுர்வேதமும் யுனானியும் ஒரு கூரையின் கீழ்க் கற்பிக்கப்படும் திப்பியாக் கல்லூரியை உருவாக்கினார். 1921ஆம் ஆண்டு அதனைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். நாட்டு மருந்துகளை இரசாயன முறையில் ஆராய வேண்டுமென்பது அஜ்மல்கானின் பேரவா. அப்பணிக்கு அமைந்தவர், ஜெர்மனியில் கற்றுத் திரும்பிய சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் இளைஞர். அஜ்மல்கான் 1927இல் காலமானார். 1931இல் சித்திகி சர்ப்பகந்தி வேரிலிருந்து ஐந்து அல்கலோயிட்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம் ஆதரவாளரின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் சூட்டினார்.

அதே 1931இல், கல்கத்தாவிலே கவிராஜர் கணநாத சேனும் டாக்டர் கார்த்திக் சந்திர போசும், இவ்வேர் சித்தப் பிரமையைத் தணிப்பதோடு உயர் இரத்த அமுக்கத்தையும் குறைக்கின்றது என்று எழுதி வெளியிட்டனர். டில்லியில் ஒரு முஸ்லிம் அறிஞர் வேரைப் பிரித்தார். கல்கத்தாவில் இந்து மருத்துவர்கள் நோயாளியைக் கண்டு எழுதினர். இரு சமூகத்தாரும் அயலவராய் வாழும் எம் அட்டாளைச்சேனைக் கரையினர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

எனினும் ஒரு சிக்கல் எழுந்தது. பளிங்காகப் பிரிந்த அந்த அல்கலோயிட்டுகளைத் தனித்தனியே சோதித்தபோது, முழு வேர் தந்த அமைதியை அவை தரவில்லை. அவ்வாறாயின் வைத்தியர் கூற்றுப் பொய்யா? அன்று. பளிங்குகளை எடுத்தபின் எஞ்சிய பிசின் போன்ற பகுதியிலேதான் அக்குணம் தங்கியிருந்தது. அளந்தவர்கள் பிழையாக அளக்கவில்லை; அளக்க வேண்டிய பொருள் வேறாயிருந்தது.

1949இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், உயர் இரத்த அமுக்கமுள்ள ஐம்பது நோயாளரிடம் கண்ட பலனைப் பிரித்தானிய இருதய நோய்ச் சஞ்சிகையில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சீபா நிறுவனத்து ஆய்வாளர், அந்தப் பிசின் பகுதியிலிருந்து 'ரெசர்ப்பின்' என்னும் பொருளைப் பிரித்தனர். 1956இல் அமெரிக்க விஞ்ஞானி வூட்வார்ட் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார்.

அளவின் அருமையை ஒரு கணக்கால் விளக்குவோம். ரெசர்ப்பினும் அதனை ஒத்த பொருள்களும் வேரில் 0.15 வீதத்துக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்று அமெரிக்க மருந்து நூல் விதித்தது. அஃதாவது ஒரு கிராம் வேர்த்தூளில் 1.5 மில்லிகிராம். மாத்திரையோ 0.25 மில்லிகிராம் அளவினது. மண்ணும் பருவமும் வேரின் வயதும் மாறினால் இவ்வீதமும் மாறும். குறைந்தால் பலனில்லை. மிகுந்தால் மனச்சோர்வு முதலிய தீங்குகள் நேரும்; அதிக அளவில் ரெசர்ப்பின் உண்டோரிடம் இவை காணப்பட்டன. ஒரு சிட்டிகை என்னும் கைக்கணக்கு இங்கே போதாது.

ஆய்வுகூடத்து முறை இதுவே: வேரை உலர்த்தித் தூளாக்கி, மதுசாரத்தில் ஊறவைத்துச் சாரம் எடுப்பர். அமிலத்தாலும் காரத்தாலும் அல்கலோயிட்டுகளைப் பிரிப்பர். பின்பு நிறப்பகுப்புக் கருவியிற் செலுத்தினால், ஒவ்வொரு பொருளும் தனித்தனி வேளையில் வெளிப்பட்டுத் தன் அளவைக் காட்டும். அளவு தெரிந்த தூய பொருளோடு ஒப்பிட்டே அதனைக் கணிப்பர். போலிச் சரக்கும் இச்சோதனையிலே அகப்பட்டுவிடும்.

இன்னொரு பாடமும் உண்டு. உலகெங்கும் வேரை விரும்பியதால் காடுகளிலே செடி அருகிற்று. 1990 முதல் அதன் சர்வதேச வாணிபம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அன்று பயனற்றதெனக் கருதப்பட்ட அஜ்மலினோ, இன்று ஒருவகை இருதய நோயைக் கண்டறியும் சோதனைக்கு வைத்தியசாலைகளிலே பயன்படுகின்றது.

எம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் தன்னுள் அடக்கிற்று. 1962இல் நாவின்னையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உண்டு. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உண்டு. அளக்கும் கல்வி எம் வாசலுக்கே வந்துவிட்டது.

பெரியோரே, நீங்கள் அறிந்த மூலிகையின் பெயரையும், பறிக்கும் பருவத்தையும், கொடுக்கும் முறையையும் எழுதி வையுங்கள். சொல்லாது மறைந்த அறிவை எக்கருவியாலும் அளக்க இயலாது. வாலிபரே, இரசாயனம் கற்று அவ்வேட்டைக் கையிலெடுங்கள். பளிங்கு கிடைக்கவில்லை என்று பிசினை எறிந்துவிடாதீர். கணநாத சேனின் கண்ணும் சித்திகியின் தராசும் ஒன்றுகூடும் இடத்திலேதான் மருந்து பிறக்கின்றது.