டாரின்

டாரின் என்பது விலங்குகளின் உடலில் காணப்படும், கந்தகம் கொண்ட கரிமச் சேர்மம். அமினோ அமிலம் என்று பொதுவாகச் சொன்னாலும், கார்பாக்சில் தொகுதி இருக்க வேண்டிய இடத்தில் இதற்குச் சல்போனிக் அமிலத் தொகுதி உண்டு. அதனால் உடல் இதைப் புரதங்களில் கோப்பதில்லை. இதயத் தசை, விழித்திரை, மூளை ஆகியவற்றில் தனித்த நிலையில் மிகுந்திருக்கிறது.

1827இல் ஜெர்மானிய அறிவியலாளர்கள் பிரீட்ரிக் டீடமானும் லெயோபோல்ட் க்மேலினும் மாட்டின் பித்தநீரிலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். காளையைக் குறிக்கும் ‘டாரஸ்’ என்ற இலத்தீன் சொல்லே பெயரின் மூலம்.

கல்லீரல் பித்த அமிலங்களை டாரினுடனோ கிளைசினுடனோ இணைத்துக் குடலுக்கு அனுப்புகிறது. கொழுப்பு செரிக்க அது தேவை. மனிதக் கல்லீரல் சிஸ்டீனிலிருந்து டாரினைத் தானே ஆக்கிக்கொள்ளும். மீன், கணவாய், சிப்பி, இறைச்சி ஆகியவற்றிலும் கிடைக்கிறது. தாவர உணவில் அனேகமாக இல்லை. பிறந்த குழந்தையால் போதிய அளவு ஆக்க முடியாது. தாய்ப்பாலில் டாரின் இருக்கிறது. புட்டிப்பால் மாவுகளில் சேர்க்கிறார்கள்.

எனர்ஜி டிரிங்க்குகளில் 250 மில்லி லிட்டருக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் இருக்கும். இது ஆலையில் செயற்கையாக ஆக்கப்படுவது. காளையிலிருந்து எடுப்பதாகப் பரவிய பேச்சில் உண்மையில்லை. இந்த அளவு டாரினால் அஞ்சத் தேவையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் கருத்துரைத்தது. குடித்தவுடன் வரும் சுறுசுறுப்புக்குப் பெரும்பாலும் காஃபினும் சர்க்கரையுமே காரணம்.

டாரினின் அருமையை உலகுக்குக் காட்டியவை பூனைகளே. பூனையின் உடல் இதை மிகக் குறைவாகவே ஆக்குகிறது. பித்த அமிலத்தை இணைக்கவோ டாரினை மட்டுமே செலவிடுகிறது. பாலின் புரதமான கேசீனை நம்பி வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைவதற்கு டாரின் குறைபாடே காரணம் என்று 1975இல் கண்டறிந்தனர். 1987இல் டேவிஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பால் பியான் குழுவினர், கடைத் தீவனம் தின்று இதய அறைகள் விரிந்து தளர்ந்த பூனைகளுக்கு டாரின் கொடுத்துத் தேற்றினர். அதன்பின் தீவன நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின. அந்த இதயநோயும் அரிதாயிற்று. சிதைந்த விழித்திரை மட்டும் மீள்வதில்லை.

பசும்பாலில் டாரின் மிகச் சொற்பம், சோற்றில் இல்லை. பால்சோறு மட்டுமே போட்டுப் பூனை வளர்ப்பவர்கள் மீனோ இறைச்சியோ சேர்த்துக் கொடுங்கள். டாரின் நீரில் கரைவதால் வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள்.