லியுவா: அரச வேட்டை நிலம் தேசியப் பூங்காவான வரலாறு

சாம்பியாவின் மேற்கு மாகாணத்தில், அங்கோலா எல்லையை ஒட்டிச் சுமார் 3,400 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் லியுவா சமவெளி தேசியப் பூங்கா, மனிதர் வாழாத வனாந்தரம் என்றே வெளிநாட்டுப் பயணிகளால் பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஆனால் இன்றும் பூங்காவின் எல்லைக்குள் ஆயிரக்கணக்கான மக்கள் ஊர்களில் வாழ்கின்றனர். தலைமுறை தலைமுறையாகத் தம் குடும்பங்களுக்கு உரிய குளங்களில் மீன் பிடிக்கின்றனர். இங்கு விலங்குகள் எஞ்சியிருப்பது இம்மக்களின் வரலாற்றோடு பிணைந்தது என்பதை அறியாமல், அங்கு செல்லும் பயணத்தைக்கூட எவரும் சரியாகத் திட்டமிட முடியாது.

அந்த வரலாற்றை வகுத்தது வெள்ளம். நவம்பரில் தொடங்கும் மழையால் பெருகும் ஜாம்பேசி ஆறு, ஏப்ரல் அளவில் உச்சத்தை எட்டி, பரோட்சே வெள்ளச் சமவெளியை, அதாவது ஆண்டுதோறும் ஆற்றுநீர் பரவி வடியும் தாழ்நிலத்தை, மூழ்கடிக்கிறது. அச்சமவெளியின் மக்களான லோசியர், வெள்ளம் ஏறும்போது மேட்டுநிலத்துக்குக் குடிபெயர்வதையே குவோம்போக்கா என்னும் பெருவிழாவாக்கினர். லிட்டுங்கா என்று அழைக்கப்படும் அவர்களுடைய மன்னர், நலிக்வாண்டா என்னும் பெரும் படகில் லியலுயியிலிருந்து லிமுலுங்காவுக்குச் செல்வது இன்றும் நடைபெறுகிறது. இச்சமவெளிக்கு மேற்கே உள்ள லியுவாவும், மழையாலும் லுவாங்கிங்கா, லுவம்பிம்பா ஆறுகளாலும் நீர் தேங்கும் மணற்புல்வெளியே. கோடையில் வடக்கே, அங்கோலாப் பக்கத்து மரக்காட்டு ஓரங்களில் மேயும் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மானின மந்தைகள், முதல் மழையோடு தெற்குப் புல்வெளிக்கு இறங்கி வந்து கன்று ஈனுகின்றன.

இந்நிலம் லோசி மன்னர்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1878இல் அரியணை ஏறிய லெவானிக்கா, 1880களில் இதனைத் தம் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதியாக அறிவித்து, அங்கு வாழ்ந்த குடிகளையே விலங்குகளின் காவலராக நியமித்தார். அரசர் ஒருவர் தம் வேட்டைக்காகக் காத்த இடம் என்று இதைக் குறைத்து மதிப்பிடுவது பொருந்தாது. குடிகளை வெளியேற்றாமல், அவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்த அந்த ஏற்பாடு, பிற்காலத்தில் ஆப்பிரிக்காவின் பல பூங்காக்களில் நிகழ்ந்த குடிவெளியேற்றத்தோடு ஒப்பிடும்போது மிகுந்த மதிப்புக்குரியது. ஒரு லிட்டுங்கா இச்சமவெளியில் ஊன்றிய கைத்தடியே முளைத்து மரமானது என்று மக்கள் ஒரு மரத்தைச் சுட்டிக் கூறும் மரபுக்கதையும், அரசுக்கும் நிலத்துக்கும் இடையே அவர்கள் கண்ட உறவையே காட்டுகிறது.

ஆங்கிலேயருடன் லெவானிக்கா 1890இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின்னரும், போர்ச்சுகீசிய அங்கோலாவுடனான எல்லையை 1905இல் இத்தாலி மன்னர் நடுவராக நின்று வரையறுத்த பின்னரும், உள்ளூரில் லோசி அரசின் அதிகாரம் ஓரளவு நீடித்தது. 1964இல் சாம்பியா விடுதலை பெற்றபோது அவ்வதிகாரத்துக்கு இடமளித்த பரோட்சேலாந்து ஒப்பந்தம், 1969இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் செல்லாததாக்கப்பட்டது. 1972இல் லியுவா தேசியப் பூங்காவாகி நடுவண் அரசின் பொறுப்புக்கு மாறியது. காவலராக இருந்த குடிகளின் பங்கு இதனால் தேய்ந்தது என்றே கொள்ள வேண்டும். 1975 முதல் 2002 வரை நீண்ட அங்கோலா உள்நாட்டுப் போரால் எல்லையோரத்தில் துப்பாக்கிகள் பெருகி, திருட்டு வேட்டை மிகுந்தபோது, அதைத் தடுக்க வலிமையுள்ள கைகள் அங்கு இல்லை. சிங்கங்கள் அழிந்து, ‘லேடி லியுவா’ என்று பின்னர் பெயர் பெற்ற பெண்சிங்கம் ஒன்று மட்டுமே எஞ்சியது. துணையின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அச்சிங்கம், மனிதர் தங்கிய முகாம்களின் அருகே வந்து படுத்துக்கொள்ளும் வழக்கம் கொண்டிருந்தது.

2003இல் சாம்பிய அரசும் லோசி மன்னரின் பரோட்சே அரச நிர்வாகமும் ‘ஆப்பிரிக்கன் பார்க்ஸ்’ என்னும் அமைப்பும் கூட்டாகப் பூங்காவை ஏற்றன. பழைய அரசுக்கு முடிவெடுப்பதில் மீண்டும் இடம் கிடைத்தது இவ்வொப்பந்தத்தின் சிறப்பாகும். காஃபூவே தேசியப் பூங்காவிலிருந்து 2009இல் ஆண்சிங்கங்களும் பின்னர் பெண்சிங்கங்களும் கொண்டுவரப்பட்டன. லேடி லியுவாவுக்குக் குட்டிகள் பிறக்கவில்லை எனினும், 2017இல் அது இறப்பதற்கு முன்பே புதிய கூட்டம் ஒன்று வேரூன்றியிருந்தது.

பூங்காவின் வாயிலான கலாபோவுக்கு மொங்கு நகரிலிருந்து வெள்ளச் சமவெளியைக் கடந்து செல்வது, பல பாலங்களுடன் தார்ச்சாலை 2016இல் முடிக்கப்படும் வரை, படகையும் நீர்மட்டத்தையும் நம்பிய நெடும்பயணமாக இருந்தது. சாலை வந்த பின்னரும், பூங்காவுக்குள் உள்ளவை மணல்தடங்களே. நான்கு சக்கர இயக்க வண்டிகளும் அவற்றில் திணறுகின்றன. வெள்ளம் உயர்ந்திருக்கும் மாதங்களில் அத்தடங்களும் நீருக்கடியில் போய்விடுவதால், பயணம் வகுப்போர் நீர் வடிந்த மே, ஜூன் மாதங்களையோ, வில்டபீஸ்ட் மந்தைகள் கன்று ஈனும் நவம்பரையொட்டிய வாரங்களையோ தேர்ந்தெடுக்கின்றனர். குவாலே, கத்தோயானா போன்ற கூடார முகாமிடங்களை நடத்துவோர் அங்குள்ள ஊர்மக்கள். தங்குவோர் செலுத்தும் கட்டணம் அவர்களது ஊர்களைச் சென்றடைகிறது.