ஃபங்க்டரின் தூய்மையும் டைப்பின் அடையாளமும்: 1995ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் மறுவாசிப்பு

ஒரே ஃபங்க்டரை (மாட்யூலைப் பெற்று மாட்யூலைத் தரும் அமைப்பை) ஒரே மாட்யூலின் மீது இருமுறை செலுத்தினால் கிடைக்கும் இரண்டு அருவ டைப்களும் ஒன்றா, வேறா? 'ஒன்றே' என்கிறது ஓகாமல் நிரல்மொழி. இது அப்ளிகேட்டிவ் வழி. 'வேறு' என்கிறது ஸ்டாண்டர்ட் எம்எல். இது ஜெனரேட்டிவ் வழி. ஓகாமலின் விடை சேவியே லெருவாவின் 1995 கட்டுரையிலிருந்து வருகிறது. அப்ளிகேட்டிவே இயல்பு, ஜெனரேட்டிவ் விதிவிலக்கு என்று அக்கட்டுரை நிறுவிவிட்டதாக ஒரு வாசிப்பு நிலைத்திருக்கிறது. கட்டுரை தாங்காத சுமையை அந்த வாசிப்பு அதன்மேல் ஏற்றுகிறது என்பதே என் வாதம்.

லெருவாவின் மைய அக்கறை வேறு. ஃபங்க்டரையே உள்ளீடாகப் பெறும் உயர்நிலை ஃபங்க்டர்களின் டைப் தகவல் முழுவதையும் சிக்னேச்சரிலேயே எழுதிக்காட்ட வேண்டும். கோப்புகளைத் தனித்தனியாகக் கம்பைல் செய்யவும் இயல வேண்டும். அதற்காகவே டைப்பின் பாதைக்குள் ஃபங்க்டர் செலுத்தலையும் அவர் அனுமதித்தார். ஃபங்க்டரின் உடல் இயங்கும்போது என்ன செய்கிறது என்று இந்த ஏற்பாடு பார்ப்பதில்லை.

இதன் விளைவை ஒரு குறியீட்டு அட்டவணையில் காணலாம். சரம் ஒன்றைக் கொடுத்தால் அதை அட்டவணையில் சேர்த்து, அதன் வரிசை எண்ணை அருவ டைப்பாகத் திருப்பித் தரும் ஃபங்க்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'யூனிட்' என்று பெயரிட்ட வெற்று மாட்யூலின் மீது அதை இருமுறை செலுத்தினால் இரண்டு தனி அட்டவணைகள் உருவாகும், டைப்போ ஒன்றுதான். முதல் அட்டவணை தந்த எண்ணை இரண்டாவதில் தேடும் நிரலைக் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். கிடைப்பது பிழைச்செய்தியாகவோ, அதைவிட மோசமாக, தவறான பெயராகவோ இருக்கலாம். அதே வெற்று மாட்யூலைப் பெயரிடாமல் நேரடியாக எழுதிச் செலுத்தினால் டைப்கள் வேறாகிவிடுகின்றன. டைப்பின் அடையாளத்தைத் தீர்மானிப்பது உள்ளீட்டை எழுதிய விதம், உடலின் நடத்தை அல்ல.

ஓகாமல் 4.02 (2014) வெற்று அடைப்புக்குறியால் குறிக்கும் ஜெனரேட்டிவ் ஃபங்க்டரைச் சேர்த்தது. அதை நாடுவதா என்பது நிரலரின் கவனத்துக்கு விடப்பட்டது. அது போதும் என்று 2022 டிசம்பர் வரை ஓரளவு வாதிட்டிருக்கலாம். அம்மாதம் வெளிவந்த ஓகாமல் 5.0, சென்னை ஐஐடியின் கே.சி. சிவராமகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய இணைச் செயலாக்கத்தையும் எஃபெக்ட் ஹேண்ட்லர்களையும் மொழிக்குள் கொண்டுவந்தது. ஒரு டொமைனுக்குள், அதாவது இணையாக இயங்கும் அலகு ஒன்றுக்குள், உள்ளூர் மாட்யூலாக உருவாகும் அட்டவணையின் எண், பொதுப் பாதையில் பெயர் பெற்ற டைப்போடு வெளியேறி, இன்னொரு டொமைனின் அட்டவணைக்குள் நுழையலாம். ஜெனரேட்டிவ் ஃபங்க்டராக இருந்தால், டைப் தன் எல்லையை மீறுகிறது என்று கம்பைலர் அங்கேயே தடுத்திருக்கும். நினைவகப் பாதுகாப்பு குலைவதில்லை என்பது உண்மை. குலைவது அருவத்தன்மை, மாட்யூல் அமைப்பு இருப்பதே அதைக் காக்கத்தான்.

ஆகவே உடலின் பக்கவிளைவை டைப்பில் குறித்து, தூய உடலை மட்டுமே அப்ளிகேட்டிவாகக் கொள்ள வேண்டும் என்பேன். இதற்கு எதிராக, இரு நூலகங்கள் தனித்தனியே சரங்களின் செட்டை உருவாக்கினாலும் டைப் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற மறுப்பு நியாயமானது. செட் ஃபங்க்டரின் உடல் தூயது. அந்த வசதியை யாரும் பறிக்கவில்லை. பக்கவிளைவை டைப்பில் குறிப்பது தொழில்துறைக்கு ஒத்துவராது என்ற மறுப்பு நீண்ட பதிலுக்குரியதன்று. பெங்களூரின் நீலசந்திராவில் ஆட்டோ பிடிக்க மக்கள் திறக்கும் நம்ம யாத்ரி செயலியின் சேவையக நிரல், பக்கவிளைவை டைப்பிலேயே காட்டும் ஹாஸ்கெல்லில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தூய உடலுக்கு அப்ளிகேட்டிவ், பக்கவிளைவுள்ள உடலுக்கு ஜெனரேட்டிவ் என்ற பிரிவினை கோட்பாட்டளவில் சாத்தியம் என்பதை ராஸ்பெர்க், ரூஸோ, டிரேயர் மூவரும் காட்டிவிட்டனர். அதை நிரலரின் நினைவாற்றலிடம் விடாமல் கம்பைலரே செய்ய வேண்டும். 1995ஆம் ஆண்டுக் கட்டுரை அதற்குத் தடையன்று.