உரைவழிச் சாகச விளையாட்டு

உரைவழிச் சாகச விளையாட்டு என்பது, கணினி ஓர் இடத்தை எழுத்தால் வருணிக்க, ஆடுபவர் எழுத்தாலேயே கட்டளையிட்டு, அவ்விடத்தில் நடந்தும் பொருள்களை எடுத்தும் புதிர்களை அவிழ்த்தும் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு வகையாகும். சித்திரமும் ஒலியும் இன்றிச் சொல் ஒன்றையே சாதனமாகக் கொண்ட இவ்வகை, 1970களின் நடுவில் அமெரிக்காவில் தோன்றி, 1980களில் வணிகச் சிறப்பெய்தி, பின்னர் ஆர்வலர்களின் கலையாக இன்றளவும் நிலைபெற்றுள்ளது. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் விரித்துப் பல கைகளில் வளர்ந்த படைப்பாதலின், இதன் சரித்திரம் நாட்டார் கதைப்பாடல்களின் சரித்திரத்தோடு ஒப்பவைத்து ஆராயத்தக்கது.

பூர்வாங்கம்: மனிதர் தட்டச்சிடும் வாக்கியத்துக்குக் கணினி மறுமொழி கூறும் வித்தையை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் 1966இல் ‘எலைசா’ என்னும் நிரலால் காட்டினார். ஒன்றோடொன்று பிணைந்த குகைகளில் மிருகமொன்றை வேட்டையாடும் ‘ஹண்ட் தி வம்பஸ்’ என்ற விளையாட்டைக் கிரிகரி யாப் 1973இல் இயற்றினார். பலர் கூடியிருந்து, நடுவர் ஒருவர் சொல்லச் சொல்லக் கதாபாத்திரங்களாகவே மாறி ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்தது.

தோற்றம்: இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டை அமைத்த போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் நிரலாளராக இருந்த வில் கிரௌதரும் அவர் மனைவி பட்ரீஷியாவும், கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத் தொகுதியை அளந்து வரைபடமிடுவதில் பேரார்வம் கொண்டவர்கள், பிளின்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத் குகையும் ஒன்றே என 1972இல் மெய்ப்பித்த குழுவில் பட்ரீஷியாவும் ஒருவர். இல்லறம் பிரிந்த பின்னர், தம் புதல்வியர் ஆடி மகிழவேண்டும் என்ற எண்ணத்தால், தாம் நேரில் கண்ட குகைப் பாதைகளையே ஆதாரமாக்கி, பி.டி.பி.-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் கிரௌதர் 1975-76இல் எழுதிய ‘அட்வெஞ்சர்’ என்பதே இவ்வகையின் ஆதி நூல். இரண்டு சொற்களுக்கு மேற்படாத கட்டளைகளையே அது ஏற்றது. அக்கணினியின் நினைவக அலகு ஒன்றில் ஐந்து எழுத்துகளே அடங்குமாகையால், ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளையே நோக்கியது.

விரிவு: இதனை 1976இல் கண்டெடுத்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து டான் வுட்ஸ், ஆசிரியரின் இசைவு பெற்றுப் புதிய அறைகளையும் மாயப் பொருள்களையும் முழு மதிப்பெண் 350 என்னும் கணக்கையும் சேர்த்து, 1977இல் வெளியிட்டார். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் மார்க் பிளாங்க், டேவ் லெப்ளிங், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ் ஆகியோர் தொடங்கிய ‘சோர்க்’, இரண்டு சொல் என்ற வரம்பைக் கடந்து முழு வாக்கியங்களையும் பொருள் கொண்டது. 1978இல் ஸ்காட் ஆடம்ஸ் ‘அட்வெஞ்சர்லேண்ட்’ வாயிலாக இக்கலையை டி.ஆர்.எஸ்.-80 என்னும் சிறு இல்லக் கணினிக்குக் கொண்டுவந்தார். ‘சோர்க்’ குழுவினர் சிலரும் சேர்ந்து 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம் நிறுவனமோ, இசட்-மெஷின் என்ற கற்பிதக் கணினி ஒன்றை வகுத்துக்கொண்டு, ஒரே கதை பலவகை இயந்திரங்களிலும் இயங்குமாறு செய்தது. ‘சோர்க்’ மூன்று பாகங்களும், 1982இல் வந்த ‘டெட்லைன்’ என்னும் துப்பறியும் கதையும், எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் கூட்டுறவால் 1984இல் வந்த நகைச்சுவைப் படைப்பும் அந்நிறுவனத்தின் கீர்த்திக்குக் காரணமாயின. ஆயினும் 1980இல் ‘மிஸ்டரி ஹவுஸ்’ என்னும் விளையாட்டு படத்தோடு வந்து மாற்று வழியைத் திறந்துவிட்டிருந்தது. காட்சிக்கவர்ச்சி பெருகப் பெருக உரை விளையாட்டுக்குச் சந்தை குன்றி, 1986இல் ஆக்டிவிஷன் வசமான இன்ஃபோகாம் 1989இல் மூடப்பட்டது. 1993இல் கிரஹாம் நெல்சன் உருவாக்கிய ‘இன்ஃபார்ம்’ என்னும் நிரல்மொழியும், 1995 முதல் ஆண்டுதோறும் நிகழும் உரை விளையாட்டுப் போட்டியும் இக்கலைக்குப் புத்துயிர் அளித்தன.

பாடபேதங்கள்: கிரௌதரின் மூலப் பிரதி நெடுங்காலம் கிடையாதிருந்து, வுட்ஸின் பழைய மாணவர் கணக்கின் காப்புப் பிரதியிலிருந்து மீட்கப்பட்டது, அதனைக் குகையோடும் வுட்ஸின் விரிவோடும் ஒப்பிட்டு, எது முதல்வர் வாக்கு, எது பிற்சேர்க்கை என டென்னிஸ் ஜெர்ஸ் 2007இல் ஆய்ந்துரைத்தார். நாங்குநேரியில் 1917இல் பிறந்து, நெல்லை ஆய்வுக் குழுவை நிறுவி, வில்லுப்பாட்டாகப் பாடப்படும் முத்துப்பட்டன் கதை முதலியவற்றைப் பதிப்பித்த நா. வானமாமலை தமிழ்நாட்டில் ஆற்றிய பணியும் இத்தன்மையதே. பாடுபவர் தோறும் கதை வேறுபடுதல் பிழையன்று, சமூக சரித்திரத்துக்குச் சான்று என்னும் நோக்கு, பாபநாசத்து மலைச்சாரலில் நிகழும் அக்கதைக்கு எவ்வளவு பொருந்துமோ, கென்டக்கிக் குகையின் கதைக்கும் அவ்வளவு பொருந்தும்.

தமிழும் இக்கலையும்: இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வியைப் புகுத்த 1984-85இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டம் பி.பி.சி. மைக்ரோ கணினியைப் பயன்படுத்தியது. இங்கிலாந்தில் உரை விளையாட்டுகள் பல விற்பனையான கணினியும் அதுவே. எனினும் தமிழ் எழுத்தை எல்லா இயந்திரங்களும் ஒரே சீராக ஏற்கும் வசதி அக்காலத்தில் இல்லை. இன்று யூனிகோடு அத்தடையை நீக்கிவிட்டது. எஞ்சுவது இலக்கணப் பணியே. ‘கதவைத் திற’, ‘மரத்தில் ஏறு’ என்னும் கட்டளைகளில் வினை இறுதியில் நிற்கிறது. பெயரோ வேற்றுமையுருபு ஏற்றுத் திரிந்தும், வல்லினம் மிகுந்தும் வருகிறது. ‘மரத்தில்’ என்பதிலிருந்து ‘மரம்’ என்பதைப் பிரித்தறியும் நிரலை எழுதுவோர்க்கு, புணர்ச்சியையும் வேற்றுமையையும் நுணுகி வகுத்த நம் இலக்கண நூல்கள் நேரே பயன்படும். சிறிய இயந்திரமும் எழுதுகோல் பழகிய கையும் போதுமாகையால், பெருமூலதனம் வேண்டாத இக்கலை தமிழில் வேரூன்றுதற்கு வேண்டிய சாதனங்கள் யாவும் இப்போது கைவசம் உள்ளன.