தொடக்கநிலை சைக்கோசிஸ்: குடும்பச் சிகிச்சையும் அறிவாற்றல் சிகிச்சையும்

ஆள் இல்லாமல் குரல் கேட்பது, யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது, பேச்சும் எண்ணமும் கோவை குலைவது. இவை முதன்முதலாகத் தலைகாட்டும் காலத்தையும் அதையடுத்த சில ஆண்டுகளையும் தொடக்கநிலை சைக்கோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ வருவதால், நோயாளி அநேகமாகப் பெற்றோரோடு இருப்பார். படிப்போ வேலையோ பாதியில் நின்றுவிடும். மருந்துதான் சிகிச்சையின் அடிப்படை. அதனோடு சேர்த்துத் தரப்படுபவற்றில் அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு: குடும்பத்தையே உட்காரவைத்துச் செய்வது ஒன்று, நோயாளியின் நம்பிக்கைகளையும் எண்ணப்போக்கையும் அவரோடு பேசிச் சோதிப்பது மற்றொன்று. முன்னது நோய் திரும்பாமல் காக்கிறது. பின்னது நோய் தரும் வேதனையை ஓரளவு குறைக்கிறது. ஒன்றை அளக்கும் கோலால் மற்றதை அளந்ததால்தான் இத்துறையில் பாதிச் சச்சரவு மூண்டது.

குடும்பம் இந்த வரலாற்றுக்குள் குற்றவாளியாகத்தான் நுழைந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், சைக்கோசிஸ் வகைகளில் ஒன்றான மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு வகையைக் குறிப்பிட்டார். 1956இல் கிரிகரி பேட்சனும் கூட்டாளிகளும், ஒன்றுக்கொன்று முரணான கட்டளைகளிலிருந்து தப்ப வழியில்லாத பிள்ளைக்கே இந்நோய் வருகிறது என்று கோட்பாடு வகுத்தார்கள். 1964இல் ஆர். டி. லெய்ங்கும் ஆரன் எஸ்டர்சனும் 11 பெண்களின் குடும்பங்களைப் பேட்டி கண்டு ஒரு நூலே எழுதினார்கள். படிக்கச் சுவையான நூல். ஆனால் நோயில்லாத குடும்பம் ஒன்றுகூட அதில் ஒப்பிடப்படவில்லை. பக்கத்து வீட்டுத் தாயும் அப்படித்தான் பேசுகிறாளா என்று பார்க்காமலேயே ஒரு தலைமுறைத் தாய்மார்கள் மீது பழி விழுந்தது.

கேள்வியை மாற்றியவர் உளவியலாளர் அல்லர், ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர். 1950களின் இறுதியில் லண்டனில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களை அவர் தொடர்ந்து கவனித்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியது. வாடகை அறையில் தங்கியவர்களுக்குக் குறைவு. நோய் ஏன் வந்தது என்பதை விட்டு, ஏன் திரும்புகிறது என்று அவர் கேட்டார். இதற்காக உருவான கேம்பர்வெல் குடும்பப் பேட்டியில், உறவினர் நோயாளியைப் பற்றிப் பேசுவது ஒலிநாடாவில் பதிவாகும். பிறகு அதைக் கேட்டு, குறைகூறல்கள் எண்ணப்படும். சொல் மட்டுமல்ல, குரலின் தொனியும் கணக்கில் வரும். ‘மத்தியானம் வரைக்கும் தூங்குறான்’ என்பதைச் சலிப்பில்லாமல் சொன்னால் அது தகவல். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் குறைகூறல். பகைமையும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வளர்ப்பதும் தனியே குறிக்கப்படும். 1972இல் பிரவுனும் உடன் ஆய்ந்தோரும் 101 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட முடிவின்படி, இத்தகைய உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த வீடுகளில் ஒன்பது மாதத்துக்குள் 58 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது; குறைந்த வீடுகளில் 16 சதவீதத்தினருக்கே. 1976இல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃப்பும் மறுபடி ஆராய்ந்தபோதும் ஏறக்குறைய அதே சித்திரம் கிடைத்தது. வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களின் நிலைதான் மிக மோசம்.

இதுவும் பழைய பழியின் புது வேடந்தானே என்று குடும்பத்தார் அமைப்புகள் கேட்டன. நியாயமான கேள்வி. இரவெல்லாம் விழித்திருந்து, குளிக்க மறுத்து, தட்டில் விஷம் இருப்பதாகச் சொல்லும் மகனைப் பற்றி எரிச்சலில்லாமல் பேச யாரால் முடியும்? நோயின் கடுமைதான் எரிச்சலை உண்டாக்குகிறது, எரிச்சல் நோயை உண்டாக்கவில்லை என்று வாதிடலாம். கூடவாழ்வோரைக் கவனித்து மட்டும் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. வீட்டுச் சூழலை மாற்றிப் பார்த்தால்தான் அவிழும். அப்படிப் பார்த்தார்கள். 1978இல் மைக்கேல் கோல்ட்ஸ்டைன் குழு கலிபோர்னியாவில், பெரும்பாலும் முதல்முறை அனுமதிக்கப்பட்ட 104 பேரிடம் ஆறு வாரக் குடும்பச் சிகிச்சையைச் சோதித்தது. போதிய மருந்தும் குடும்பச் சிகிச்சையும் பெற்றவர்களில் ஆறு மாதத்தில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. குறைந்த மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்குத் திரும்பியது. 1982இல் இயன் ஃபலூன் நோயாளிகளின் வீட்டுக்கே போய்ச் செய்த சோதனையில், ஒன்பது மாதத்தில் குடும்பச் சிகிச்சைக் குழுவில் 6 சதவீதத்தினருக்கும் தனிநபர் சிகிச்சைக் குழுவில் 44 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. சீனாவின் சூஜோ நகரில் முதல்முறை நோயுற்ற 78 ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான சோதனையில், 18 மாதத்தில் மறுபடி மருத்துவமனை சேர்ந்தோர் 15.4 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 53.8 சதவீதம். சோதனைகள் சிறியவைதான். ஆனால் வெவ்வேறு நாடுகளில் ஒரே திசையைக் காட்டுகின்றன.

இச்சிகிச்சையில் மந்திரம் ஒன்றுமில்லை. நோய் என்ன, சோம்பல் என்று தோன்றுவதில் எது நோயின் பங்கு என்று முதலில் விளக்குவார்கள். பிறகு வீட்டில் உள்ள ஒரே ஒரு சிக்கலை, உதாரணமாக மாத்திரையை யார் எப்போது எடுத்துக் கொடுப்பது என்பதை, காகிதத்தில் எழுதி, எல்லோரும் வழி சொல்லி, ஒன்றைத் தேர்ந்து, அடுத்த வாரம் பலித்ததா என்று பார்ப்பார்கள். எல்லா வீட்டுக்கும் இது தேவையா என்றால், இல்லை. ஆம்ஸ்டர்டாமில் 1996இல் வெளியான ஆய்வில், நல்ல தனிநபர் சிகிச்சையோடு குடும்பச் சிகிச்சையைச் சேர்த்ததால் கூடுதல் பயன் தெரியவில்லை. ஏற்கெனவே அமைதியாக இருந்த குடும்பங்களில் நோய் சற்று அதிகமாகவே திரும்பியது. இடிபாடு இல்லாத வீட்டைப் பழுதுபார்க்கப் போனால் இப்படித்தான் ஆகும்.

மேற்கில் குடும்பம் குற்றக்கூண்டில் நின்ற அதே 1950களில், இந்தியாவில் அது வார்டுக்குள்ளேயே அழைக்கப்பட்டிருந்தது. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் உறவினர்களைக் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் உறவினர் உடனிருப்பதே வழக்கமாயிற்று. ஊழியர் பற்றாக்குறையும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1987இல் வெளியான சண்டிகர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது: அங்கே உணர்ச்சி வெளிப்பாடு மிகுந்த உறவினர்கள் லண்டனைவிட வெகு குறைவு, நோய் திரும்புவதோடு தொடர்புபட்டதும் முக்கியமாகப் பகைமைதான். ஆகவே லண்டன் அளவுகோலை அப்படியே தூக்கிவந்து, மகனுக்காக அழும் தாயை ஆபத்தானவள் என்று முத்திரை குத்துவது தவறு.

அறிவாற்றல் சிகிச்சையின் பாதை வேறு. திரிபு நம்பிக்கையைப் புரிந்துகொள்ளவே முடியாது என்று கார்ல் யாஸ்பர்ஸ் சொல்லிவைத்திருந்தார். அதோடு வாதாடினால் அது மேலும் இறுகும் என்பது பாடநூல் அறிவு. 1952இல் ஆரன் பெக் அத்தகைய நோயாளி ஒருவருக்குப் பேச்சால் சிகிச்சை செய்ததை வெளியிட்டார். ஆனால் அது முறையாக வளர்ந்தது 1990களின் பிரிட்டனில். பால் சாட்விக்கும் மாக்ஸ் பர்ச்வுட்டும் 1994இல் சுட்டிக்காட்டியது முக்கியமானது: நோயாளியை வதைப்பது குரலின் சொற்கள் மட்டுமல்ல, அந்தக் குரல் சர்வவல்லமை படைத்தது என்ற நம்பிக்கை. சிகிச்சையாளர் குரலே இல்லை என்று மறுப்பதில்லை. சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று குரல் மிரட்டுகிறதோ, அதை நோயாளியோடு சேர்ந்து சிறிது சிறிதாகச் சோதிக்கிறார்.

பலன் எவ்வளவு? 2002இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் தொடக்கநிலையிலிருந்த 315 பேர் பங்கேற்றனர். 18 மாதத்தில் அறிவாற்றல் சிகிச்சை பெற்றவர்களும், வெறும் ஆறுதல் பேச்சு பெற்றவர்களும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகளில் தேறியிருந்தனர். நோய் திரும்புவதில் எவருக்கும் வேறுபாடில்லை. 2008இல் வெளியான, 301 பேரைக் கொண்ட மற்றொரு சோதனையிலும் அறிவாற்றல் சிகிச்சை நோய் திரும்புவதைக் குறைக்கவில்லை. 2014இன் தொகுப்பாய்வில் பயன் சிறிதாகவும், மதிப்பிடுவோருக்கு யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்பது மறைக்கப்பட்ட ஆய்வுகளில் இன்னும் சிறிதாகவும் தெரிந்தது. இதைக் கொண்டு சிகிச்சையே வீண் என்பவர்கள், அது வாக்களிக்காத ஒன்றைக் கேட்கிறார்கள். மாத்திரை போட்டும் குரல் நிற்காத ஒருவருக்கு, அந்தக் குரலுக்குப் பயப்படாமல் கடைக்குப் போய்வர முடிவது சிறிய பலன் அல்ல. மருந்துக்கு மாற்று என்று இதை விற்பவர்களுக்கும் அதே புள்ளிவிவரம்தான் பதில்.

மெல்போர்னில் பேட்ரிக் மெகோரி 1992இல் தொடங்கிய மையத்தை ஒட்டி, இவ்விரு சிகிச்சைகளையும் மருந்தோடும் வேலைக்கான உதவியோடும் ஒரே குழு தரும் சேவைகள் பரவின. டென்மார்க்கில் 547 பேரைக் கொண்ட ஓப்பஸ் ஆய்வில் இரண்டாண்டுச் சிகிச்சையின் முடிவில் தெரிந்த மேன்மை, ஐந்தாம் ஆண்டில் பெரும்பாலும் மறைந்திருந்தது. பயன் நிலைக்காவிட்டால் எதற்கு என்பது இன்றைய ஆட்சேபம். சிகிச்சையை நிறுத்தியபின் பயன் கரைவது, சிகிச்சை வேலை செய்ததற்கும் சான்றுதான். நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டு யாரும் அதைக் குறைசொல்வதில்லை.

சேவைகள் உண்மையில் எதைத் தருகின்றன என்பதுதான் கவலைக்குரியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் குறைந்தது 16 அமர்வு அறிவாற்றல் சிகிச்சையும் 10 அமர்வு குடும்பச் சிகிச்சையும் பரிந்துரைத்தது. நோய் திரும்புவதைத் தடுப்பதில் வலுவான சான்று குடும்பச் சிகிச்சைக்கு இருந்தும், இங்கிலாந்தின் தணிக்கைகளில் அதைப் பெறுவோரே குறைவு. வீட்டார் எல்லோரும் ஓய்வாக இருக்கும் மாலை நேரத்தில் சிகிச்சையாளர் வேலை செய்ய வேண்டும். பணமோ கோப்போ தனி நோயாளியின் பெயரில்தான் ஓடுகிறது. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் மான்ட்ரியல் குழுவும் முதல்முறை நோயுற்றவர்களை இரண்டாண்டு ஒப்பிட்டபோது, சென்னையில் குடும்பத்தின் பங்கேற்பு மிகுந்தும், ஆர்வமின்மை, ஒதுங்கல் போன்ற அறிகுறிகள் குறைந்தும் காணப்பட்டன. முன்னதால்தான் பின்னது என்று இதைவைத்து மட்டும் அறுதியிட முடியாது. ஆனாலும் சென்னைச் சிகிச்சையாளருக்கு, குடும்பத்தை வரவழைக்கும் வேலை பாதி மிச்சம்; வந்தவரை வெறும் துணையாள் என்று வெளியே பெஞ்சில் உட்காரவைக்காமல் இருந்தால் போதும்.