சென்னை நகர மையத்தில் பழங்கட்டடங்களின் இழப்பு

சென்னையின் ஜார்ஜ் டவுன், பூங்கா நகர், அண்ணா சாலை, சேப்பாக்கம் பகுதிகளில் 18, 19, 20ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த கட்டடங்கள் பல, நகர விரிவாக்கத்துக்காக இடிக்கப்பட்டும், தீயில் அழிந்தும், பராமரிப்பின்றிச் சிதைந்தும் மறைந்தன. தமிழ்நாட்டில் மரபுக் கட்டடப் பாதுகாப்புக்கான இயக்கமும் வழக்குகளும் சட்டமும் இந்த இழப்புகளிலிருந்தே பிறந்தன. சென்னைக்கு நேர்ந்தது இன்று மதுரை, தென்காசி போன்ற ஊர்களுக்கும் பாடமாகிறது.

முதல் இடிப்பு

சென்னையில் நகர மையம் இடிபடுவது புதிய செய்தியல்ல. 1639இல் நிலம் பெற்று ஆங்கிலேயர் எழுப்பிய புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, நெசவாளரும் வணிகரும் குடியேறிய 'கறுப்பர் நகரம்' வளர்ந்தது. 1746இல் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். அது ஆங்கிலேயரிடம் திரும்பியபின், 1758–59இல் மீண்டும் முற்றுகையிட்டனர். வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கிவிடுவான் என்று கருதிய கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டையை ஒட்டியிருந்த ஊரை அகற்றித் திறந்தவெளியாக்கியது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் என இரட்டைக் கோயில்கள் இன்றைய பூக்கடைப் பகுதியில் எழுந்தன. திறந்தவெளியின் எல்லையைக் காட்ட நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. வெளியாக்கிய அந்த நிலத்தில்தான் 1892இல் உயர் நீதிமன்றம் எழுந்தது.

கட்டிய காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரம் செங்கல்லில் மறுபிறவி எடுத்தது. இராபர்ட் சிஷோம் வடிவமைத்த செனட் இல்லமும் விக்டோரியா பொதுமண்டபமும், மூர் மார்க்கெட்டும், 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையும் அந்தக் காலத்தவை. அன்று மவுண்ட் ரோடு எனப்பட்ட அண்ணா சாலையில் ஸ்பென்சர் கட்டடமும், மருந்து வணிக நிறுவனமான டபிள்யூ. ஈ. ஸ்மித் 1897இல் கட்டிய 'கார்டில் பில்டிங்'கும் நின்றன. இந்திய, இசுலாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் பல கட்டடங்கள் அமைந்தன. அவற்றை எழுப்பியவர்கள் நம்பெருமாள் செட்டியார் போன்ற உள்ளூர் ஒப்பந்ததாரர்களும் தமிழ்க் கொத்தனார்களும்தான். ஆகவே இவற்றை வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற மிச்சம் என்று ஒதுக்குவது, கட்டிய கைகளுக்குச் செய்யும் அநீதி.

சிதைவின் காரணங்கள்

பழங்கட்டடம் வயதால் மட்டும் விழுவதில்லை. அக்காலத் தளங்கள் பெரும்பாலும் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் அமைந்தவை: தேக்கு விட்டங்களின் மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் வைத்து, சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கி, மேலே ஓடு பதிப்பார்கள். தண்ணீர் போகும் வழி அடைபடாதவரை இது தலைமுறைகள் தாங்கும். அடைபட்டால் விட்டத்தின் நுனி நனைந்து உளுத்துப்போகும். சுவர் இடுக்கில் அரசங்கன்று வேர்விடும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் சுவரைத் தின்னும்.

பணமும் ஒரு காரணம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. ஆனால் பழைய வாடகையே தொடர்ந்ததால் உரிமையாளர்கள் பழுதுபார்க்கக் கைவிரித்தனர். மறுபுறம், நகர மையத்தில் மனையின் விலை கட்டடத்தின் விலையைப் பல மடங்கு தாண்டியது. 1959இல் அண்ணா சாலையில் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம், நிலத்தை வானுயரப் பயன்படுத்தலாம் என்று நகருக்குக் காட்டியது. அதன்பின் இரண்டு மாடிக் கட்டடம் நிற்கும் இடமெல்லாம் வீணான இடமாகத் தெரியத் தொடங்கியது.

தீயும் இடிப்பும்: 1983–2010

1983இல் ஸ்பென்சர் கட்டடம் தீக்கிரையானது. அந்த இடத்தில் ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகம் எழுந்தது.

மூர் மார்க்கெட்டின் இழப்பு மக்கள் மனத்தில் இன்னும் ஆறாதது. பிராட்வேயிலிருந்த நெரிசலான சந்தைக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார்; 1900இல் சந்தை திறக்கப்பட்டது. பழைய புத்தகங்கள், இசைத்தட்டுகள், நாணயங்கள், பறவைகள், நாய்க்குட்டிகள் எனக் கிடைக்காத பொருள் இல்லை என்று பெயர் எடுத்தது. கல்லூரி மாணவர்களும் எழுத்தாளர்களும் பாதி விலைக்குப் படித்து வளர்ந்த இடம் அது. சென்ட்ரல் நிலையத்தை விரிவாக்க இரயில்வே அந்த நிலத்தைக் கேட்டிருந்த காலத்தில், 1985 மே 30 அன்று சந்தை தீப்பிடித்து எரிந்தது. எஞ்சிய சுவர்கள் அகற்றப்பட்டுப் புறநகர் இரயில் முனையம் கட்டப்பட்டது. வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். புறநகர் முனையத்தின் பெயர் இன்றும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்'.

அரசும் விலக்கல்ல. ஆளுநர்கள் வாழ்ந்த அரசினர் மாளிகை, ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற வளாகம் கட்டுவதற்காக இடிக்கப்பட்டது. 2010இல் திறக்கப்பட்ட அந்த வளாகம் ஆட்சி மாறியபின் மருத்துவமனையாயிற்று. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது, மாளிகைதான் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த இராஜாஜி மண்டபம் மட்டும் தப்பியது.

எதிர்ப்பும் வழக்கும்

1981இல் எஸ். முத்தையா எழுதிய சென்னை வரலாற்று நூலும், 1991 முதல் அவர் நடத்திய 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' இதழும் கட்டடங்களைப் பொதுப்பேச்சாக்கின. 2004இல் தொடங்கிய சென்னை தினக் கொண்டாட்டத்திலும் அவருக்குப் பங்குண்டு.

மெரினாவை ஒட்டிய காவல்துறைத் தலைமை அலுவலகம், 1839ஆம் ஆண்டின் பழைய மேசானிக் மண்டபம். அதை இடிக்க 1993இல் அரசு முனைந்தபோது, கலை மற்றும் பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளையான 'இன்டாக்' நீதிமன்றம் சென்றது. இடிப்பு நின்றது, கட்டடம் சீர்செய்யப்பட்டது, காவல்துறை இன்றும் அங்கேதான் இயங்குகிறது. 2003இல் இராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் தலைமைச் செயலகம் கட்டும் திட்டத்தை மாணவியரின் போராட்டம் தடுத்தது. ஆனால் 1914இல் கல்லூரி தொடங்கிய கேப்பர் இல்லம் நிலைக்கவில்லை.

கார்டில் பில்டிங் பாரத் இன்சூரன்ஸ் வசமாகி, பின்னர் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்தானது. 2006இல் அதை இடிக்கத் தொடங்கியதும் இன்டாக் வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்தது. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த, நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கொண்ட பட்டியலுக்கும் அத்தீர்ப்பு பாதுகாப்பு அளித்தது. சட்டம் செய்ய வேண்டிய வேலையை நீதிமன்றம் செய்தது.

சட்டம்

1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் அறிவிக்கப்பட்ட தொன்மைச் சின்னங்களை மட்டுமே காக்கும். அங்காடி, அலுவலகம், வீடு போன்ற அன்றாடக் கட்டடங்கள் அவற்றுக்குள் வருவது அரிது. மும்பை 1995லேயே மரபுக் கட்டட விதிகளைக் கொண்டுவந்தது. நியூயார்க்கில் 1963இல் பென்சில்வேனியா இரயில் நிலையம் இடிக்கத் தொடங்கியதும் எழுந்த கொதிப்பு, 1965லேயே பாதுகாப்புச் சட்டமானது. மூர் மார்க்கெட் எரிந்த தமிழ்நாட்டில் மரபு ஆணையச் சட்டம் 2012இல்தான் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வர மேலும் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

மீட்பு

செனட் இல்லம் 2000களில் சீர்செய்யப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 சனவரியில் தீயில் சிதைந்தபோது, அதையும் இடித்துவிடுவார்கள் என்ற அச்சம் பரவியது. பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கு இயங்குகிறது. தீப்பட்ட கட்டடத்தை இடித்தே தீர வேண்டும் என்பதில்லை என்று கலச மகால் காட்டிவிட்டது. புதுச்சேரியில் 2014 மழையில் சரிந்த 'மேரி' எனும் நகர மன்றக் கட்டடமும் பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டது.

தென் மாவட்டங்கள்

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலின் இராசகோபுரம் 15ஆம் நூற்றாண்டில் பாண்டியர் எழுப்பியது. அது சிதைந்து, பல பத்தாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது. மக்கள் முயற்சியால் பழைய கல்தளத்தின் மேலேயே மீண்டும் எழுந்து, 1990இல் குடமுழுக்குக் கண்டது. ஊர் தனதென்று எண்ணிய கட்டடத்துக்குப் பணமும் ஆளும் கிடைத்தன.

அந்த உரிமையுணர்வு கோயிலைத் தாண்டித் தெருவுக்கு வருவதில்லை. ஆய்க்குடி போன்ற ஊர்களின் பழைய தெருக்களில், பொதுச்சுவர் பகிர்ந்து வரிசையாக நிற்கும் ஓட்டு வீடுகளில் ஒன்றை இடித்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் பலமிழக்கும். சாலையை மேலும் மேலும் உயர்த்துவதால் மழைநீர் திண்ணை தாண்டி உள்ளே வரும். இடிப்பதற்கு முன் இவ்வீடுகளைப் பதிவுசெய்யவாவது வேண்டும்.

மதிப்பீடு

சென்னையில் தப்பிய கட்டடங்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: காவல்துறை அலுவலகம், கலச மகால், ரிப்பன் மாளிகை எல்லாம் ஏதோ ஒரு வேலைக்குப் பயன்படுகின்றன. பயனின்றிப் பூட்டிய கட்டடம் ஒழுகத் தொடங்கி, 'ஆபத்தானது' என்ற அறிவிப்புப் பலகையில் முடிகிறது. பட்டியலும் சட்டமும் இடிப்பைத் தள்ளிப்போடும். கட்டடத்தை வாழவைப்பது பயன்பாடும் ஆண்டுதோறும் செய்யும் பராமரிப்பும்தான். அந்தப் பொறுப்பு முதலில் சேர்வது, இக்கட்டடங்களில் பெரும்பகுதியைச் சொந்தமாக வைத்திருக்கும் அரசுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்குமே.